கரிசல் காட்டில் இரண்டு சைக்கிள்

கண்ணம்மா, தை பிறந்ததும் மாப்பிள்ளையும் நீயும் கோவில்பட்டியில் கிளம்பி எட்டயபுரம், விளாத்திகுளம், சாயல்குடி, கமுதி என்று கரிசல் சீமையைச் சைக்கிளிலேயே சுற்றப் போவதாகச் சொன்னாய். உன் மாமாவும் நானும் ஓடித் தேய்ந்த பாதைகள் அவை. டயரும் கியரும் பற்றிக் கடைக்காரர் சொல்லுவார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

1. மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போகட்டும். ஆரம்பத்தில் மாமா வெகுதூரம் முந்திப்போய்ப் புளியமரத்தடியில் காத்திருப்பார். நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார். ஓய்வெல்லாம் அவருக்கு, களைப்பெல்லாம் எனக்கு. அந்தக் கோபம் பகலெல்லாம் ஊறி, பொழுது சாயும் நேரத்தில் ஒரு சின்னப் பேச்சில் வெடிக்கும். நான் முன்னே போகத் தொடங்கிய பிறகுதான் சண்டை நின்றது. என் மிதிக்கு அவர் தன் மிதியைக் குறைத்துக்கொண்டார். எதிர்க்காற்று அடிக்கும்போது மட்டும் வலுவுள்ளவர் முன்னே போய்க் காற்றைத் தாங்கட்டும், மற்றவர் பின்சக்கரத்தை ஒட்டி வரட்டும். யாருக்கு அன்று வலு என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள். சில நாள் அது நீயாகவும் இருப்பாய்.

2. தூரத்தை எண்ணாதே. ஃபேனி வொர்க்மன், வில்லியம் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை சைக்கிளில் போனார்கள். 1904-ல் வந்த அவர்கள் புத்தகத்தின் தலைப்பிலேயே 14,000 மைல் என்று இருக்கிறது. அந்தக் காலத்துச் சாலையில் அது பெரிய சாதனை, நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு உனக்கு வேண்டாம். ஒரு ஊரில் கூழ் கொடுத்து உட்காரச் சொன்னால் உட்கார்.

3. மழை பெய்தால் தார்ச்சாலையை விட்டு இறங்காதே. கரிசல் மண் நனைந்தால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சியால் குத்திக் குத்தி எடுத்தாலும் பத்தடியில் மறுபடி அடைக்கும். மண் காயும்வரை ஒரு திண்ணையில் இரு. இருக்கும்போது உன் பயணம் தடைப்பட்டதைப் பற்றிப் புலம்பாதே. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏங்குகிற ஊர் அது. தையில் பெய்தாலோ, விளைந்த கதிர் செடியிலேயே முளைத்துப்போகும். 2021 ஜனவரியில் அப்படித்தான் பெய்து எத்தனையோ குடும்பத்தின் வருஷத்து உழைப்பு வீணானது. அப்படிப்பட்ட வீட்டின் திண்ணையாகவும் அது இருக்கலாம்.

4. சாலையில் கதிர் கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. அந்தப் பருவத்தில் குதிரைவாலி, கம்பு, உளுந்து எல்லாம் தார்ச்சாலையில்தான் காயும். பஸ்ஸும் லாரியும் ஏறி மணி உதிரட்டும் என்றே சில இடங்களில் பரப்பியிருப்பார்கள். சைக்கிள் ஏறினால் தாள் செயினில் சுற்றிக்கொள்ளும், சக்கரம் வழுக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாம் சாலை என்று நினைப்பது அன்றைக்கு அவர்களுக்குக் களம். ஒருமுறை விளக்குமாற்றோடு நின்ற ஒரு பாட்டி, நாங்கள் இறங்கி ஓரமாக நடப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க சம்சாரி வீட்டுப் பிள்ளைகளா?" என்று கேட்டார். சம்சாரி என்றால் கரிசல் பேச்சில் விவசாயி. அன்று மதியம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம்.

5. தண்ணீரைக் குடிக்க மட்டும் கேள். ராமநாதபுரம் பக்கம் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வெகுதூரம் போய் வருவதை நீயே பார்ப்பாய். பல கிணறுகளில் உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீர் ஊருணியில் கால் நனைக்காதே, சைக்கிளைக் கழுவாதே. சேறு அப்படியே இருக்கட்டும், துடைத்தால் போகும்.

6. சீமைக்கருவேல நிழலில் வண்டியை நிறுத்தாதே. முள் டயருக்குள் ஏறி, அடுத்த ஊருக்குப் பாதி வழியில்தான் தன் வேலையைக் காட்டும். பஞ்சர் ஒட்ட இருவருமே கற்றுக்கொள்ளுங்கள்.

7. நாலு மணிக்கே தங்குமிடம் பார். இருட்டில் அறிமுகமில்லாத இருவர் வந்து நின்றால் எந்த ஊரும் யோசிக்கும். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ படு. அய்யனார் கோயில் என்றால் செருப்பைத் தள்ளியே கழற்றிவிடு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிறைய வாங்கிக்கொள். பசியில் பேசுகிற பேச்சு புருஷன் பெண்டாட்டிக்குள் ஆறாது. மாலையில் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டபிறகு எங்கே தங்குவது என்று பேசுங்கள்.

8. "ஏக்கருக்கு என்ன கிடைக்கும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. வீட்டுக்கு வந்தவர் நம் சம்பளத்தைக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான். ஆனாலும் வெயிலில் குனிந்து பழம் பறிக்கிறவரின் கூலியும் வத்தல் விலையும் வேறு கதை. விதை எங்கே எடுத்தார்கள், கண்மாய் இந்த வருஷம் பெருகியதா என்று கேள். மனசு வந்தால் மற்றதை அவர்களே சொல்லுவார்கள். பேச நேரமில்லை என்று தெரிந்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு.

9. படம் எடுத்தால் அனுப்பு. குனிந்து வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. கேட்டு எடுத்து, "அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டால், அது கடன். கமுதிக்கு அப்பால் ஒரு வீட்டில், அங்கிருந்த தாத்தாவை எடுத்து நாங்கள் தபாலில் அனுப்பிய படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அந்தத் தாத்தாவுக்கு அது தவிர வேறு படமே இல்லையாம். போனில் அனுப்பலாம் என்று இருந்துவிடாதே, பெரியவர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பெயர், தெரு, தபாலாபீஸ், பின்கோடு எல்லாவற்றையும் அங்கேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள். ஊர் திரும்பிய வாரமே பிரிண்ட் போட்டு அனுப்பிவிடு.