எலியல்லாத எலிகள்

கிழக்கு அவுஸ்திரேலியக் காடுகளில், விழுந்து கிடக்கும் மரங்களுக்கிடையே ஓடித்திரியும் சிறு பிராணி ஒன்றுண்டு. கண்டவர் எலி என்பர். அது எலியன்று, கங்காருவைப் போலப் பைப் பாலூட்டி வகையைச் சேர்ந்தது. அன்டிகைனஸ் என்பது அதன் சாதிப் பெயர். பூச்சி, சிலந்தி, சில வேளை சிறு பல்லி என்பவற்றைப் பிடித்துத் தின்னும்.

எலியிலிருந்து இதனைப் பிரித்தறிவது கடினமன்று. வாயைப் பார்த்தால் போதும். எலிக்கு முன்புறத்தில் மேலும் கீழும் உளி போன்ற ஒவ்வொரு சோடிப் பற்கள். இதற்கோ மேலே நான்கு சோடி, கீழே மூன்று சோடி. எல்லாம் சிறியவை, கூரியவை. எலியின் முன்காலில் நான்கு விரல்கள், இதற்கு ஐந்து. மூக்கு மூஞ்சூறினுடையது போல நீண்டிருக்கும். (மூஞ்சூறும் எலியன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.)

அன்டிகைனஸ் இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் சிக்கல். மஞ்சட்பாத அன்டிகைனசைச் சாம்பல் தலை, கண்ணைச் சுற்றிய வெளிர் வளையம், கறுத்த வால்நுனி ஆகியவற்றால் அறியலாம். மற்றவை அவ்வளவு தாராளமாக அடையாளம் காட்டுவதில்லை. 1841இல் பெயரிடப்பட்ட கபில நிற ஸ்டுவார்ட்டி நெடுங்காலம் ஒரே இனமாகவே எண்ணப்பட்டது. புரதங்களை ஒப்பிட்ட பின்னரே அதற்குள் இன்னோர் இனம் மறைந்திருப்பது தெரிந்தது. 1998இல் அதற்கு அஜிலிஸ் என்று பெயரிட்டனர். அதன் நிறம் சற்றுச் சாம்பல். ஆயினும் நிறத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல இயலாது.

அப்படியாயின் அவை கலந்துவிடாமல் காப்பது எது? நாட்காட்டி என்றே சொல்லலாம். அன்டிகைனஸ் ஆண்டுக்கு ஒருமுறை, ஓரிரு வாரங்களில் இனப்பெருக்கத்தை முடித்துக்கொள்ளும். அக்காலத்தில் ஆணின் உடலில் நெருக்கீட்டு ஓமோன் மிகுந்து, நோயெதிர்ப்புச் சக்தி சிதைந்து, ஓராண்டு நிறையுமுன்னே ஆண்கள் அனைத்தும் இறந்துவிடும். தந்தையைக் கண்ட குட்டி ஒன்றேனும் இல்லை. குளிர்காலம் கழியும்போது பகற்பொழுது நாளுக்கு நாள் எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதே இதற்கான சமிக்ஞை. அந்த விரைவு இனத்துக்கு இனம் வேறுபடும். நியூ சவுத் வேல்ஸ் கரையோரத்தில் கயோலோவாவில் மேற்கூறிய இரு இனங்களும் ஒரே காட்டில் வாழ்கின்றன. ஆனால் இனப்பெருக்கத்துக்கு வெவ்வேறு காலத்தைக் கொண்டுள்ளன. தோற்றம் மறைத்ததைப் பருவம் காட்டிக் கொடுத்தது.

இதெல்லாம் பெயர் சூட்டும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக் கூடாது. மங்கல்நிற அன்டிகைனஸ் தாஸ்மேனியாவிலிருந்து குயின்ஸ்லாந்து எல்லைவரை பரவிய ஒரே இனம் என்றிருந்தபோது அதனைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. ஸ்பிரிங்புரூக் மலையுச்சியில் பிடிபட்டவற்றின் கண்ணோரமும் பின்புறமும் செம்மஞ்சட் கபிலமாகவும் வால் கறுப்பாகவும் இருந்தன. தெற்கிலிருந்தவையோ முழுதும் ஒரே கபிலம். அன்ட்ரூ பேக்கர் குழுவினர் டீ.என்.ஏ.யையும் ஒப்பிட்டு 2014இல் அதனைத் தனி இனமாக அறிவித்தனர். ஆர்க்டோஸ் என்று பெயர். அது வாழ்வது பழைய எரிமலையொன்றின் ஈரமான உச்சிகளில் மட்டுமே. வெப்பம் கூடினால் ஏறிச்செல்ல அதற்கு மேல் மலையில்லை. 2018இல் அவுஸ்திரேலிய அரசு அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. இப்போது பழக்கப்பட்ட மோப்ப நாய்களைக் கொண்டும் அதனைத் தேடுகின்றனர்.