ஆழத்தைச் சொல்லுமுன் அடுக்குகளைக் கேளுங்கள்

எரிமலை நிலம் வீங்குவதை ரேடார் செயற்கைக்கோள் படத்தில் கண்டதும், கணக்கைப் போட்டு ‘மாக்மா 2 கிலோமீட்டர் ஆழத்தில்’ என்று எழுதிவிடும் புவியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த எண்ணை இன்றே அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

பெரும்பாலும் நீங்கள் எடுப்பது ஜப்பானிய அறிஞர் கியோ மோகி 1958-இல் தந்த சூத்திரம். சகுராஜிமா எரிமலையின் 1914 வெடிப்போடு நிலம் தாழ்ந்ததை அவர் அதைக்கொண்டு விளக்கினார். வீக்கத்தின் உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உயர்வு பாதியாகிறதோ, அதை 0.77-ஆல் வகுத்தால் ஆழம் வந்துவிடும். எனக்கும் பிடித்த சூத்திரம்தான். ஆனால் கீழே எல்லாம் ஒரே பாறை என்று அது எடுத்துக்கொள்கிறது. பல எரிமலைகளோ கெட்டியான லாவாவும் பொலபொலப்பான சாம்பலும் மாறிமாறிப் படிந்து வளர்ந்தவை.

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகிலுள்ள காம்பி ஃபிளெக்ரே எரிமலைப் பெருவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1982–84இல் அதிலுள்ள பொட்சுவோலி நகரம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, ஏறத்தாழ 40,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள், வெடிப்பு நிகழவில்லை. அந்தப் பெருவாயை நிரப்பியிருப்பது சாம்பல் இறுகிய மென்பாறையும் வண்டலும். ஆழம் போகப்போகப் பாறை கெட்டிப்படுகிறது. இப்படி மேலே மென்மையும் கீழே கெட்டியும் இருந்தால் வீக்கம் நடுவில் குவிந்து குறுகும். ஒரே பாறை என்று போட்ட கணக்கு, அழுத்தம் எழும் இடத்தை உண்மையைவிட மேலே காட்டிவிடும். ஆழம் தவறானால் கீழே கூடிய கன அளவும் தவறாகும். ஊரைக் காலி செய்வதா என்று தீர்மானிப்பவர்கள் கையில் அந்த எண்தான் போய்ச் சேர்கிறது.

ஆகவே முதலில் அடுக்குகளின் விவரத்தைத் திரட்டுங்கள். அங்கே புவிவெப்ப ஆற்றலுக்காகச் சான் வீட்டோவில் தோண்டிய கிணறு சுமார் 3 கிலோமீட்டர் ஆழம் போயிருக்கிறது. அத்தகைய கிணறுகளின் பாறை மாதிரிகளும், நிலநடுக்க அலைகளின் வேகமும் ஒவ்வோர் அடுக்கின் விறைப்பையும் சொல்லும். இங்கே பலரும் தவறுகிறார்கள்: அலைவேகத்திலிருந்து பெறும் விறைப்பு, நிலம் மெதுவாக வீங்கும்போது பாறை காட்டும் விறைப்பைவிட அதிகம். நுண்துளை மிகுந்த பாறையில் வேறுபாடு இன்னும் பெரிது. திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று: கணக்கில் எல்லா அடுக்கையும் ஒரே விகிதத்தில் கெட்டியாக்கினால், கொடுத்த கன அளவு மாற்றத்துக்கு நில உயர்வு மாறவே மாறாது. அழுத்தம் மட்டுமே மாறும். உங்கள் உழைப்பு அடுக்குகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கண்டறிவதில் இருக்கட்டும்.

மேல்நோக்கிய உயர்வை மட்டும் பொருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். கிடைமட்ட நகர்வையும் ஜிபிஎஸ் நிலையங்களிலிருந்து எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள். இரண்டும் ஒரே ஆழத்துக்கு ஒத்துவராவிட்டால் அடுக்குகளையும், மாக்மா தேங்கிய இடத்தின் வடிவத்தையும் சந்தேகியுங்கள். வீங்குவது மாக்மாவால்தானா என்றும் கேளுங்கள். நீர் புகாத அடுக்கின்கீழ் சிக்கிய வெந்நீரும் வாயுவும் நிலத்தைத் தூக்கும்.

அறிக்கையில் ஒற்றை எண் வேண்டாம். ஒரே பாறை என்று எடுத்தபோது வந்த ஆழம், அடுக்குகளோடு வந்த ஆழம், எந்த விறைப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற விவரம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.