பிளானில் 10'-6" என்றால் என்ன?

கேள்வி: வீட்டு பிளானில் படுக்கையறைக்கு 10'-6" × 12'-0" என்று இருக்கிறது. இதில் சுவரும் சேர்த்தியா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: பொதுவாகச் சேராது. அறைக்குள் எழுதப்படுவது சுவருக்குச் சுவர் உள்ளளவு, அதுவும் பூச்சுக்கு முந்தையது. ஒற்றைக் கோடு அடி, இரட்டைக் கோடு அங்குலம்.

இதை 10.6 என்று கால்குலேட்டரில் தட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. அடிக்கு 12 அங்குலம். ஆகவே ஆறு அங்குலம் அரை அடி. 10.5 × 12 = 126 சதுர அடி.

ஸ்ரீரங்கத்தின் பழைய வீதிகளில் மனைகள் முகப்பு குறுகிப் பின்னோக்கி நீண்டவை. அங்கே சுவர்க் கணக்கு மிக முக்கியம். வெளியளவு 15 அடி என்றால் இருபுறமும் 9 அங்குலச் சுவர் ஒன்றரை அடியை எடுத்துக்கொள்ளும், உள்ளே மிஞ்சுவது 13'-6". பூச்சு இன்னும் ஓர் அங்குலம் குறைக்கும். கட்டில், அலமாரிக்கு ஆர்டர் கொடுப்பதானால் பூச்சு முடிந்தபின் டேப் பிடிப்பதே நல்லது.

சில பிளான்கள் மீட்டரிலோ மில்லிமீட்டரிலோ இருக்கும். 230 என்றால் அதே 9 அங்குலச் சுவர். ஒரு மீட்டர் ஏறத்தாழ 3.28 அடி: 1987-இல் கட்டி முடிந்த ஸ்ரீரங்கம் கோயில் ராஜகோபுரத்தின் 236 அடி, மீட்டரில் சுமார் 72.

தாளின் மேல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். நகலெடுக்கும்போது படம் சுருங்கியிருக்கலாம். எழுதிய எண்ணே செல்லும்.