வைகறைக் கைங்கரியமும் நீர்த் தூய்மையும்

வைகறையில் அரங்கனைத் துயிலெழுப்பும் திருப்பள்ளியெழுச்சியை அருளிய தொண்டரடிப்பொடி ஆழ்வார், நந்தவனம் அமைத்துத் திருமாலை சமர்ப்பித்தவர். அவர் தோளில் தொங்கியது பூக்குடலை. இன்றோ இல்லத் திருவாராதனத்துக்குரிய பூவும் துளசியும் பிளாஸ்டிக் பையில் வருகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் அத்தகைய பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தும் பழக்கம் அற்றுப்போகவில்லை. களைந்த மாலைகளை அப்பையோடு ஆற்றிலும் திருக்குளத்திலும் இடுவதைப் புண்ணியமெனக் கருதுவோரும் உளர். நீரில் எச்சில் உமிழ்வதையே மனுஸ்மிருதி விலக்கியிருக்க, இது எவ்வாறு தகும்?

பூக்கடைக்குக் கூடையொன்று கொண்டு செல்லுதல் பெரிய காரியமன்று. துளசிக்கு ஒரு தொட்டி போதும். களைந்த மலர்களை, பிளாஸ்டிக் நாரும் சரிகையும் நீக்கி, மண்ணிலிட்டு மூடினால் சில மாதங்களில் உரமாகும்.

குழாயைத் திறந்துவிட்டபடியே பல் துலக்கினால் இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு வாளி நீர் வீணாகும். முன்னோருக்கு அதற்கு ஒரு செம்பு நீர் போதுமானதாயிருந்தது. வாசலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புகளுக்கு உணவு. கல்மாவு அவற்றுக்கு உதவாது. தளிகைக்கு அரிசி களைந்த நீரைக் கொல்லை வாழைக்கு வார்க்கும் வழக்கம் சில இல்லங்களில் இன்றும் உண்டு.