சிறுநீரகக் கட்டிகளை வேறறிதல்

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது பழமொழி. சிறுநீரகத்தில் தோன்றுங் கட்டிகளுக்கும் இஃது ஒக்கும். 4 சதமமீற்றருக்கு மேற்படாத திண்மக் கட்டிகளை அகற்றி ஆராய்ந்தவிடத்து, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றதாகவே காணப்படுகின்றது. ஆராயாது அறுப்பின் நல்ல சிறுநீரகத்தை வீணே இழக்க நேரும். அறுவைக்கு அஞ்சி வாளாவிருப்பின் புற்றுநோய் பரவ இடமாகும். ஆதலின், கட்டியின் இனத்தை முன்னரே அறியப் படமுறை எவ்வாறு துணைசெய்கின்றது என்பதை ஈண்டு நோக்குவாம்.

1895இல் றொண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெளிவாகத் தோன்றும். மெல்லிய இழையங்களோ ஒன்றோடொன்று மயங்கும். இக்குறையைத் தீர்த்தவர் ஹவுன்ஸ்பீல்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். பல திசைகளினின்றுங் கதிர்களைச் செலுத்தி, உடலின் வெட்டுமுகத்தைக் கணினியால் அமைக்கும் சி.ரி. முறையினால் 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை படம்பிடிக்கப்பட்டது. இழையங்களின் அடர்த்தியைக் குறிக்கும் அலகு அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவ்வளவையில் நீர் 0. வளி மறை 1000. கொழுப்பும் மறை எண்ணையே பெறும்.

இவ்வெண்களே வேறறிதற்கு முதற் கருவி. மெல்லிய சுவருடன், 0 முதல் 20 வரை எண் காட்டுவது பெரும்பாலும் வெறும் நீர்ப்பை, அதனால் அச்சமில்லை. சுவர் தடித்து, உள்ளே தடுப்புகளுந் திண்மப் பகுதிகளுங் காணின் ஐயம் வலுக்கும். இவற்றைப் பொஸ்னியாக் என்பார் 1986இல் வகுத்தார். அவ்வகுப்பு 2019இல் திருத்தப்பட்டது. கட்டியினுள்ளே கொழுப்புக்குரிய மறை எண் தோன்றின், அது பெரும்பாலும் அஞ்சியோமயோலிப்போமா என்னுந் தீங்கற்ற கட்டியாகும். எனினும் அது பெருத்தால் குருதி கசியக்கூடும். கொழுப்புக் குறைந்ததாயின் புற்றுநோய்போலவுந் தோன்றும்.

இரண்டாவது கருவி அயடீன் கலந்த மருந்து. அதனை நாளத்திற் செலுத்துமுன் ஒரு படமும், செலுத்தி ஏறத்தாழ 30 செக்கனில் ஒன்றும், 100 செக்கனில் இன்னொன்றும் எடுப்பர். எண் 20 அலகோ அதற்கு மேலோ உயரின், கட்டியினுள்ளே குருதி ஓடுகின்றது என்பது துணிபு. சிறுநீரகப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் தெளிந்த கல வகை விரைந்து ஒளிர்ந்து பின் மங்கும். பப்பிலரி வகை சிறிதே ஒளிரும். குரோமோபோப் வகை இடைப்பட்டது.

ஆயினும் ஒன்கோசைற்றோமா என்னுந் தீங்கற்ற கட்டியும் புற்றுநோய்போல் ஒளிரும். அதன் நடுவே தழும்பு காணப்படுமென்பர். அத்தழும்பு புற்றுநோயிலும் உண்டு. அதன் கலங்களில் இழைமணிகள் மிகுதியாதலின், கதிர்வீசும் தெக்னீசியம் சேர்ந்த செஸ்ரமிபி என்னும் மருந்தை அவை மிகுதியாக ஏற்கும். இதனை வேறொரு படக்கருவி காட்டும். தெளிந்த கல வகையை நாடிப் பற்றும் சிர்க்கோனிய மருந்தும் ஆராயப்பட்டுள்ளது. 2024இல் வெளிவந்த முடிவின்படி, அவ்வகைக் கட்டிகளுள் நூற்றுக்கு 86ஐ அது சரியாகக் காட்டியது. பிறவற்றுள் 87ஐச் சரியாக விலக்கியது. எஞ்சியவற்றில் அது பிழைத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனவே, கட்டி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நடுங்குவோர், மருந்து செலுத்துமுன்னும் பின்னும் படம் எடுக்கப்பட்டதா, கொழுப்பு உண்டா, ஊசியாற் சிறுதுண்டு எடுத்து ஆராயவேண்டுமா என்பவற்றை வைத்தியரிடம் வினாவுதல் வேண்டும். அறுவை பற்றிய முடிவு அதன் பின்னரே ஆகுக.