மீனை நிறுத்தாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஐந்து மாதத்துக்கு முன் கண் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இப்போது அது பெரிதாகி, முழங்கையிலும் விரல் நுனியிலும் வந்துவிட்டது. அரிப்பு, வலி இல்லை. மீனும் பாலும் சேர்ந்ததால்தான் என்று என் மாமியார் மீனையே நிறுத்திவிட்டார். இது குஷ்டமா? தம்பிக்கும் ஒட்டுமா? கார்போகரிசி எண்ணெய் தடவலாமா?
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெண்புள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடலின் எதிர்ப்பு சக்தியே, தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை அழித்துவிடுவதால் வருவது. உலகில் சுமார் இருநூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. தம்பியைத் தள்ளி வைக்காதீர்கள்.

குஷ்டம் என்கிற தொழுநோய் வேறு. அதில் வரும் தேமல் பால்போல வெளுக்காது; சற்று மங்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். அதுவாகவே இருந்தாலும் 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தில் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். சந்தேகம் வேண்டாம் என்றால் கோரிமேடு ஜிப்மர் தோல் பிரிவில் காட்டுங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் வெண்புள்ளி நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். சாதாரணத் தேமல் பல நேரம் மஞ்சளாக ஒளிரும். தைராய்டு கோளாறும் இதோடு சேர்ந்து வரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள்.

மீனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மீனை நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்குச் சத்துதான் குறையும், புள்ளி குறையாது. கவனிக்க வேண்டியவை வேறு: சிலருக்கு ஒட்டுப் பொட்டின் பசையும் ரப்பர் செருப்பின் வாரும் பட்ட இடம் வெளுக்கும். உரசலும் காயமும் புதுப் புள்ளியை வரவழைக்கும். முழங்கையில் வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கார்போகரிசி எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சோராலன், வெயில் பட்டதும் தோலைக் கொப்புளமாக்கும். கண்ணருகே தடவுவது பெரிய ஆபத்து. வெந்துபோன இடமே பிறகு புதுத் திட்டாக மாறுவதும் உண்டு.

சிகிச்சை பொறுமையைக் கேட்கும். கண் ஓரத்துக்கு டாக்ரோலிமஸ் களிம்பு தருவார்கள். ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன நாள் வரை மட்டுமே போட வேண்டும்; மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள். புள்ளி பரவினால் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை, வாரம் இரண்டு மூன்று முறை, பல மாதங்கள். நிறம் திரும்பும்போது முடிக்கால்களைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரியும். அது நல்ல அறிகுறி. வேறு ஏதோ வந்துவிட்டது என்று பயந்து அந்த நேரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் நிறுத்தாதீர்கள். முகத்தில் நன்றாகவே நிறம் திரும்பும். விரல் நுனியில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது, அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் பரவாமல் நின்றால் தோல் ஒட்டு அறுவை சிகிச்சையும் செய்யலாம்.

புதிதாக வந்த புள்ளிக்குத்தான் மருந்து நன்றாகப் பிடிக்கும். இந்த வாரமே போங்கள். மாமியாரையும் கூட்டிச் செல்லுங்கள். மீன் விஷயத்தை மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.