வெயிலில் நின்ற பக்கெட்

அன்புள்ள சங்ககிரி வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்றுதான் பிழைப்பு, தவணை இன்னும் முடியவில்லை. நெடுஞ்சாலைக் கடையில் மூன்று பக்கெட் யூரியா வாங்கி, இரண்டை ஊற்றி முடித்ததும் விளக்கு எரிந்திருக்கிறது. லோடோடு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. ஷெட் பில்லையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். அந்தத் தொகையைப் பார்த்து எனக்கே மனசு கனத்தது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள்: "எல்லாமே தண்ணி மாதிரிதான் இருக்கு. வாங்கும்போதே நல்லது கெட்டது எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நேராகச் சொல்லிவிடுகிறேன். இது கெட்டது என்று சில பக்கெட்டுகளைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கிவிடலாம். இது நல்லது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அதனால் உள்ளே இருப்பதைப் பார்க்கும் முன்னால், அந்த பக்கெட் எங்கே நின்றது, எத்தனை நாளாக நின்றது என்று பார்க்கப் பழகுங்கள்.

நாம் யூரியா என்கிறோம், பெட்ரோல் பங்க்கில் டெஃப் என்கிறார்கள், சிலர் ஆட்புளூ என்கிறார்கள். ஆட்புளூ என்பது ஜெர்மன் வாகனத் தொழில் சங்கமான வி.டி.ஏ.வின் பதிவுப் பெயர். உரிமம் பெற்றவர்கள்தான் அதைப் போடலாம். பெயர் எதுவானாலும் சரக்கு ஒன்றுதான்: எடையில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு இது இல்லாமல் உங்கள் வண்டி போன்றவை ஓடாது. சைலன்சர் சூட்டில் இது அம்மோனியாவாக மாறி, புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் ஆக்கிவிடுகிறது. சரக்கு சரியில்லை என்றால் சென்சார் கண்டுபிடித்து, கம்ப்யூட்டர் என்ஜின் இழுவையைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் உங்களுக்கு நடந்தது அதுதான்.

இனி வெயிலுக்கு வருகிறேன். நம் ஊரில் இந்தச் சரக்கைக் கெடுப்பதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐ.எஸ்.ஓ. 22241 என்ற தரக்குறிப்பு, பக்கெட்டை எத்தனை டிகிரியில் வைத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்கிறது. 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம். 30 டிகிரி என்றால் 12 மாதம். 35 என்றால் 6 மாதம்தான். அதற்கும் மேலே போனால் மாதக் கணக்கே கிடையாது, ஊற்றும் முன் ஒவ்வொரு பேட்சையும் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் சித்திரையில் தகரக் கொட்டகைக்குக் கீழே எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பல பக்கெட்டுகளில் 18 மாதம் என்று அச்சடித்திருப்பார்கள். அது குளிர்ந்த கிடங்குக்கான கணக்கு. சாலையோரக் கடை வாசலில் பெயர் தெரிய வேண்டும் என்று வெயிலில் அடுக்கி வைத்த பக்கெட்டுக்கு அந்தத் தேதி பொருந்தாது.

ஆகவே காலாவதி தேதியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தயாரித்த தேதியைத் தேடுங்கள். என் ஷெட்டில் கோடைக்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பக்கெட்டை நான் வாங்குவதில்லை. இது என் வழக்கம், சட்டம் இல்லை. தேதியும் பேட்ச் எண்ணும் பக்கெட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். மேலே ஒட்டிய சீட்டில் பேனாவால் எழுதியிருந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். வரிசையின் முன்னால் இருப்பதை எடுக்காமல், உள்ளே நிழலில் இருப்பதைக் கேளுங்கள். பக்கெட்டின் வெயில்பட்ட பக்கம் வெளுத்து, எழுத்து மங்கியிருந்தால் அது எத்தனை கோடை பார்த்தது என்று யோசியுங்கள்.

அடுத்து மூடி. பூட்டு வளையம் உடையாமல் இருக்க வேண்டும். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிந்த வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகும், தூசி உள்ளே வரும். பழைய பக்கெட்டில் புதிதாக நிரப்பி விற்பவர்களும் இருக்கிறார்கள். நம்மவர்கள் காலி பக்கெட்டைக் குளிக்க, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க என்று வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம்தான். பழைய இரும்புக் கடையில் போடுவதாக இருந்தால் மட்டும் மூடியை உடைத்துப் போடுங்கள்.

வாங்கியதும் ஊற்றும் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நிறமே இருக்கக் கூடாது. பெயரில் புளூ இருந்தாலும் சரக்கு நீலம் இல்லை, நீலமாக இருந்தால் சாயம். கலங்கலோ, அடியில் மண்டியோ, மேலே எண்ணெய்ப் படலமோ இருக்கக் கூடாது. அம்மோனியா வாடை லேசாக இருக்கலாம். மூடியைத் திறந்ததும் கண் எரிகிற அளவுக்கு நெடி அடித்தால், உள்ளே இருந்த யூரியா வெயிலில் உடைய ஆரம்பித்துவிட்டது.

வேப்பெண்ணெய் வாசம் வந்தால் அதை வண்டிக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். 2015இலிருந்து வயலுக்குப் போகிற யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. மானிய யூரியா இப்படிப்பட்ட வேலைக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ மானிய மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதைக் கரைத்தால் 32.5 சதவீதத்தில் சுமார் 127 லிட்டர் வரும். இருபது லிட்டர் பக்கெட் ஆறு நிறைந்துவிடும். விவசாயிக்கு வர வேண்டிய மூட்டை அவனுக்கும் கிடைக்காமல், உங்கள் நாசிலையும் அடைத்துவிட்டுப் போகிறது. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. அந்த யூரியாவில் எண்ணெய் மட்டும் இல்லை, கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஃபார்மால்டிஹைடும், தரக்குறிப்பு அனுமதிப்பதைவிட அதிகமாக பையூரெட் என்ற கழிவும் இருக்கலாம். அது சைலன்சருக்குள் கரையாத கட்டியாகப் படியும். நல்ல யூரியா படிந்தால் வெந்நீரில் கரைந்துவிடும். பால் அடிப்பிடித்த பாத்திரம் போல, உளி வைத்தாலும் விடாத படிவு வேறு. உங்கள் பில்லில் முதலில் நிற்கும் செலவு அதுதான்.

நாமே தண்ணீர் கலக்கும் பழக்கமும் உண்டு. தரக்குறிப்பின்படி ஒரு கிலோ சரக்கில் கால்சியம் அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு பக்கெட் முழுவதற்கும் சேர்த்தால் 11 மில்லிகிராம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள போர்த் தண்ணீர் என்றால், ஒரு டீ கிளாஸ் அளவு சேர்ந்தாலே மொத்த பக்கெட்டும் தரம் கெட்டது. அதனால் புனலையும் கேனையும் போர்த் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தாதீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கடைசியாக ஒருமுறை அலசுங்கள்.

புனல் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். பி.எஸ். 6 வந்த புதிதில், அவசரத்தில் ஒரு டிரைவருக்காக டீசல் புனலைத் துணியால் துடைத்துவிட்டு அதிலேயே ஊற்றினேன். டீசல் நாசில் யூரியா டேங்க் வாயில் நுழையக் கூடாது என்றுதான் அந்த வாயைச் சின்னதாக வைத்திருக்கிறார்கள். புனல் வைத்ததும் அந்தக் காப்பு போய்விட்டது. டேங்க் மேலே எண்ணெய் மினுமினுப்பு தெரிந்தபோது பம்ப் ரப்பர் ஏற்கனவே ஊதிவிட்டது. பம்பை நானே வாங்கி மாற்றிக்கொடுத்தேன். அன்றிலிருந்து யூரியாவுக்கு என்று வெள்ளை பிளாஸ்டிக் புனல் ஒன்றைத் தனியாக மூடி வைத்திருக்கிறேன். பித்தளை, செம்பு, தகரம் எதுவும் ஆகாது.

ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள். டெஃப்புக்கு என்று அளவு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். டிஸ்டில்ட் வாட்டரை வைத்து முதலில் பூஜ்யம் சரிபாருங்கள். பிறகு ஆறிய சரக்கை ஒரு சொட்டு வைத்து வெளிச்சம் பார்த்துப் படியுங்கள். 31.8க்கும் 33.2க்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் கலந்தது, கூடினால் ஆவியாகிப் போனது. ஆனால் அது அளப்பது செறிவை மட்டும்தான். வயல் யூரியாவை அளவாகக் கரைத்தாலும் 32.5 என்றே காட்டும். உப்புத் தண்ணீரைக் கண்டுபிடிக்காது. கோடு சரியாக நின்றது என்பதற்காக முன்னால் சொன்ன சோதனைகளைத் தள்ளிவிடாதீர்கள்.

பங்கில் மீட்டரில் ஊற்றுவதானால் தொட்டி நிழலில் இருக்கிறதா, தினமும் எத்தனை வண்டி ஊற்றுகிறது என்று பாருங்கள். ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் சரக்கு பழசாக நேரம் இருக்காது. உங்களுக்கும் பக்கெட் பக்கெட்டாகச் சேர்த்து வைக்க வேண்டிய தேவை இல்லை. நூறு லிட்டர் டீசலுக்கு நான்கைந்து லிட்டர் யூரியாதான் செலவாகும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் ஒரு பக்கெட் சுமார் 1,600 முதல் 2,000 கிலோமீட்டர் வரும். ஒரு டிரிப்புக்கு ஒன்று கையில் இருந்தால் போதும். அதையும் கேபினில் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

தப்பான சரக்கை ஊற்றிவிட்டது தெரிந்தால் சாவியே போடாதீர்கள். சாவி போட்டாலே பம்ப் இழுத்து லைனுக்குள் அனுப்பிவிடும். டேங்கை வடித்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, நல்ல சரக்கு ஊற்றிய பிறகு போடுங்கள். சென்சாரை ஏமாற்றும் கருவி வைத்துக்கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டப்படி தப்பு. பின்னால் பைக்கில் வருபவர் மூச்சுக்குள் போகிறது அந்தப் புகை.

அந்த மூன்றாவது பக்கெட்டைத் தென்னைக்கு ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். மூடியைத் திறக்காமல், பேட்ச் எண்ணையும் தேதியையும் போட்டோ எடுத்து, கடை பில்லோடு சேர்த்து வையுங்கள். வண்டியைச் சரிசெய்த ஷெட்காரரிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடமும் பக்கெட்டில் உள்ள முகவரியிலும் முதலில் கேளுங்கள். நஷ்ட ஈடு தர மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு அந்தத் திறக்காத பக்கெட்தான் சாட்சி. வழக்கு முடிந்த பிறகு தென்னையைப் பற்றி யோசிக்கலாம். உள்ளே ஏறக்குறைய ஏழு கிலோ யூரியா இருக்கிறது. ஒரே மரத்தடியில் ஊற்றினால் வேர் கருகிவிடும். நிறையத் தண்ணீர் விட்டு, பல மரங்களுக்குப் பிரித்து ஊற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஷெட்காரன்